கொசு மருந்து அடிக்காத சனிக்கிழமை

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அப்பா. அவர் வாரத்தில் ஐந்து நாள் லோரியோடு பினாங்கிலோ ஜொகூரிலோ இருப்பார். இன்னொருத்தி நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நான். அதனால் கிள்ளானில் அந்த அடுக்குமாடியின் நான்காவது மாடிக்கு வந்து சேரும் தண்ணீர் பில், கிளினிக் அட்டை, பள்ளிக்கூடத்துக் கடிதம் எல்லாவற்றுக்கும் பத்து வயதிலேயே நான்தான் அதிகாரி. காகிதம் எது வந்தாலும் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, அதை அப்படியே என்னிடம் நீட்டுவார்.

"என்னா போட்டிருக்கு, பாப்பா?"

அந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்கு ஒரு சாண் வளர்ந்துவிட்டது போல இருக்கும். நானும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசிப்பேன். அதிகாரம் கைக்கு வந்தால் தலைக்கும் ஏறத்தானே செய்யும்? பள்ளிக்கூட ரிப்போர்ட் புத்தகத்தில் ஆசிரியை, "வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள். கணக்கில் அக்கறை இல்லை" என்று எழுதியிருந்ததை, "கெட்டிக்காரப் பிள்ளை, கணக்கு நல்லா போடுறா" என்று வாசித்தேன். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பேனா முனையைக் கட்டைவிரலில் அழுத்தித் தேய்த்து, மை ஏறிய விரலைப் புத்தகத்தின் அடியில் பதித்து, வாயால் ஊதிக் காயவைத்தார். அந்த விரலில் மீன் வெட்டும்போது பட்ட பழைய வெட்டுக்காயம் ஒன்று குறுக்கே ஓடும். ரேகையிலும் அது வெள்ளைக் கோடாக விழும். அம்மாவின் கையெழுத்து அதுதான்.

அம்மா ஒரு மருத்துவமனையில் தரை துடைக்கும் வேலை செய்தார். நாள் முழுக்க ஈரத்தில் நின்று நின்று வலது முழங்கால் வீங்கிப்போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலில் தைலம் தேய்த்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னார்.

"துணி ரூம்ல இருக்கிற அக்கா வேலய விட்டு நிக்கப் போறாங்க. வார்டு பேர படிச்சு, எழுதி வைக்கத் தெரிஞ்சா அந்த வேல எனக்குத்தான்னு சூப்பர்வைசர் சொல்றாங்க. உக்காந்துகிட்டே துணி பிரிக்கிற வேல. நாலு மாசம் டைம் இருக்கு."

"யாரு சொல்லித் தருவா?" என்று அப்பா கேட்டார். அம்மா தைலப் புட்டியை மூடினார். நான் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, ஆனால் அது எனக்குச் சம்பந்தமில்லாத பெரியவர்கள் பேச்சு.

அதற்கு அடுத்த மாதம்தான் அந்தச் சீட்டு வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து சில இளைஞர்கள் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்பு தொடங்கப்போவதாக அதில் அச்சடித்திருந்தது. பிள்ளையும் அம்மாவும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும். தமிழும் உண்டு, மலாயும் உண்டு. கடைசி வரியைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். மூன்றே மாதத்தில் உங்கள் பிள்ளையின் ரிப்போர்ட் புத்தகத்தை நீங்களே படிக்கலாம் என்று போட்டிருந்தார்கள்.

அந்தப் புத்தகம் அலமாரியில், அம்மாவின் சேலைகளுக்கு அடியில், பத்திரமாக இருந்தது.

சீட்டின் அடியில் இரண்டு கட்டங்கள். விருப்பம் உண்டு, விருப்பம் இல்லை. அதன் கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஓர் இடம்.

"என்னா போட்டிருக்கு, பாப்பா?"

"சனிக்கெழம கொசு மருந்து அடிக்க வராங்களாம்மா. வீட்லயே இருந்து ஜன்னலெல்லாம் சாத்தி வைக்கணுமாம். கைநாட்டு வைக்கச் சொல்றாங்க."

அந்த வருடம் எங்கள் பக்கம் டெங்கிக் காய்ச்சல் அதிகம். அம்மா சந்தேகப்பட ஒன்றுமில்லை. "விருப்பம் இல்லை" கட்டத்தில் நான் ஏற்கெனவே கோடு போட்டு வைத்திருந்தேன். அம்மா பேனாவைத் தேய்த்து விரலைப் பதித்தார், ஊதினார். "காயறதுக்குள்ள மடிச்சிடாத" என்றார்.

சனிக்கிழமை அம்மாவுக்கு ஓவர்டைம் இருந்தது. மருந்து அடிக்க வருகிறார்கள் என்று சொல்லி அதை வேண்டாமென்று விட்டார். விடிந்ததும் ஜன்னல்களைச் சாத்தினார். சட்டி பானைகளைப் பழைய நாளிதழால் மூடினார். சாமி படத்துக்கு ஒரு துண்டைப் போர்த்தினார். பிறகு வீங்கிய காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தார். வீடு வெந்துகொண்டிருந்தது.

பத்து மணி வாக்கில் கீழேயிருந்து பெண்கள் சேர்ந்து ஏதோ சொல்வதும், நடுநடுவே சிரிப்பதும் கேட்டது.

"கீழ என்னா சத்தம்?"

"தெரியலம்மா."

"இன்னும் வரலியே இவங்க."

"வருவாங்கம்மா" என்றேன். அம்மா நாளிதழ் ஒன்றை எடுத்து எனக்கு விசிறினார்.

பன்னிரண்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அம்மா சுவரைப் பிடித்து எழுந்து போய்த் திறந்தார். மூச்சு வாங்க ஓர் இளம்பெண் நின்றிருந்தார். லிஃப்ட் கெட்டுப்போயிருந்ததால் நான்கு மாடியும் ஏறி வந்திருந்தார். கையில் சீட்டுக் கட்டு.

"வாங்க, எல்லாத்தயும் மூடி வெச்சிட்டேன். உள்ளயும் அடிப்பீங்களா?" என்றார் அம்மா.

வந்தவருக்குப் புரியவில்லை. "இல்லக்கா, கீழ நடக்குதுல்ல, அம்மாமாருக்குப் படிப்பு வகுப்பு, அதுக்கு வந்திருக்கேன். உங்க மககிட்ட சீட்டு கொடுத்து விட்டிருந்தோம். விருப்பம் இல்லன்னு வந்திருந்துச்சு. அதான் நேர்ல ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். ஒரு இடம்தான் பாக்கி இருக்கு. மூணாவது மாடி ஆன்டி ஒருத்தங்க கேட்டுகிட்டே இருக்காங்க. நீங்க வரலன்னா அவங்களுக்குக் கொடுத்திடலாமா?"

சீட்டை நீட்டினார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஒரு காகிதத்தை என்னிடம் கொடுக்காமல் அவரே பார்த்தார். அதில் அவர் படிக்கக்கூடியது ஒன்றே ஒன்று இருந்தது. குறுக்கே வெள்ளைக் கோடு ஓடிய அந்த ரேகை.

நிமிர்ந்து, நாளிதழ் போர்த்திய சட்டிகளைப் பார்த்தார். துண்டு மூடிய சாமி படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முதுகில் விழப்போகும் அடிக்கு நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆமா டீச்சர். நான்தான் வேணாம்னு போடச் சொன்னேன். வேல சரியா இருக்கு. அவங்களுக்கே கொடுத்துடுங்க" என்றார்.

"நல்லா யோசிச்சிட்டீங்களாக்கா?"

"யோசிச்சிட்டேன். பசியாறிட்டீங்களா? தேத்தண்ணி கலக்கவா?"

அவர் வேண்டாமென்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அம்மா கதவைச் சாத்தினார். ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். நாளிதழ்களை எடுத்து மடித்து வைத்தார். சாமி படத்துத் துண்டை எடுத்தவர், அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு எனக்குச் சோறு போட்டார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அம்மாவுக்கே படிக்க விருப்பமில்லை போலிருக்கிறது, நான் சரியான கட்டத்தில்தான் கோடு போட்டிருக்கிறேன் என்று நினைத்தேன்.

மூன்றாவது மாடி ஆன்டியும் அதே மருத்துவமனையில்தான் தரை துடைத்தார். மூன்று மாதம் கழித்துத் துணி அறைக்கு அவர் போனார். அவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை, நன்றாகப் படித்து வாங்கிய வேலை. அம்மா அதற்குப் பிறகும் பதினொரு வருடம் தரை துடைத்தார். முழங்காலில் அறுவை சிகிச்சை செய்தும் இன்று படியேற முடியவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் அதே மாதிரி ஒரு வகுப்பை நான் நடத்துகிறேன். விருப்பமில்லை என்று சீட்டு வந்தால் மாடியேறிப் போய்க் கேட்கிறேன், ஆனால் பிள்ளைக்கு முன்னால் கேட்பதில்லை. அம்மாவை மட்டும் என்னால் கொண்டுவர முடியவில்லை. "இனிமே எனக்கு எதுக்கு, போ லா" என்கிறார். ஒரு வேற்று ஆளுக்கு முன்னால் மகள் பொய்க்காரியாக நிற்கக்கூடாது என்பதற்காக அந்த வாசலில் அவர் விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று இப்போது எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்க எத்தனையோ முறை வாயெடுத்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

அன்று எனக்கு இதெல்லாம் எட்டவில்லை. அந்த ஆண்டின் கடைசி ரிப்போர்ட் புத்தகத்தை, பொய்யை நன்றாக மனப்பாடம் செய்துகொண்டு, அம்மாவிடம் கொடுத்தேன். அவர் என்னா போட்டிருக்கு என்று கேட்கவில்லை. பேனாவைத் தேய்த்தார், விரலைப் பதித்தார், ஊதிக் காயவைத்து என் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு எந்தக் காகிதத்துக்கும் அவர் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதில்லை. அம்மாவுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, நான் நான்கு மாடியையும் துள்ளிக் குதித்து இறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.