பதினோரு கட்டில்களுக்கும் ஒரே நோய்

அந்த ஆஸ்பத்திரியில் கட்டிலார் என்றால் வாசல் காவலாளியிலிருந்து பெரிய டாக்டர்வரை எல்லோருக்கும் தெரியும். அப்பா அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்ப யாருக்கும் தோன்றியதில்லை.

அவர் வேலை கட்டில் பழுது பார்ப்பது. மொத்தம் இருநூற்று நாற்பது கட்டில். சக்கரம் தேய்ந்தாலும், பக்கத் தடுப்பு இறங்க முரண்டு பிடித்தாலும், நோயாளியின் தலைமாட்டை உயர்த்துகிற ஹேண்டில் சுற்ற மறுத்தாலும் அவருக்குத்தான் ஆள் வரும். துணி வெளுக்கும் கூடத்துக்குப் பின்னால் தகரம் வேய்ந்த ஓர் அறை அவருடைய பட்டறை. இருபத்திரண்டு வருஷமாக அங்கேதான் கிரீஸும் ஸ்பேனருமாகக் குடித்தனம்.

"டாக்டர் கைவிட்ட கேஸ் உண்டு. நான் கைவிட்ட கட்டில் கிடையாது" என்பார். டாக்டர்கள் இருக்கும்போது கொஞ்சம் சத்தமாகவே சொல்வார்.

அப்பேர்ப்பட்டவர் கணக்கில், ஆபீஸ் பட்டியல்படி, பதினோரு கட்டில்கள் வருஷக்கணக்கில் பழுதாகிக் கிடந்தன. பதினொன்றிலும் சிவப்பு அட்டை தொங்கியது. அட்டையில் அவருடைய கோழிக் கிறுக்கல். உண்மையில் அந்தப் பதினொன்றுக்கும் ஒரு குறையும் இல்லை.

ஆரம்பித்து வைத்தது அவசரப் பிரிவின் பெரிய சிஸ்டர். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை அவரைக் கூப்பிட்டு ஒரு கட்டிலைக் காட்டினார்.

"அண்ணே, இது பழுதுன்னு ஒரு அட்டை எழுதிக் கட்டுங்க."

கட்டிலார் ஹேண்டிலைச் சுற்றினார். தலைமாடு வழுக்கிக்கொண்டு மேலே போனது. "எங்கம்மா பழுது? வெண்ணெய் மாதிரி ஓடுது!"

"ஓடுறதாலதான் கட்டச் சொல்றேன். தினமும் எட்டு மணிக்கு ஆபீஸ்ல இருந்து போன் வரும். காலி கட்டில் எத்தனைன்னு கேப்பாங்க. ஒண்ணுன்னு சொன்னா, ஒன்பது மணிக்கு யாராவது கால் நகம் எடுக்க வந்தவர் அதுல ஏறிப் படுத்துப் பேப்பர் படிப்பார். பத்து மணிக்கு மூச்சு முட்டி ஒருத்தர் வந்தா எங்க போடறது? உங்க தலையிலயா?"

"அதுக்காக நல்ல கட்டில நான் கெட்டுப்போச்சுன்னு எழுதணுமா? என் கை எழுதாது."

பெரிய சிஸ்டர் நடையைக் கைகாட்டினார். அங்கே ஒரு தள்ளுவண்டியில், கட்டிலார் வயசுதான் இருக்கும், ஒருவர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு காற்றைத் தேடிக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. உள்ளே ஒரு கட்டிலும் காலி இல்லை.

கட்டிலார் பட்டறைக்குப் போய் அட்டை எடுத்து வந்தார்.

அதிலிருந்து அந்த வார்டில் ஒரு கட்டில் எப்போதும் "பழுது". ஆபத்தான கேஸ் வந்தால் அட்டை கழன்று சிஸ்டர் பைக்குள் போகும். நோயாளி தேறி வேறு வார்டுக்குப் போனதும் பழையபடி தொங்கும். கொஞ்ச நாளில் இருதய வார்டு சிஸ்டர் ஒரு நாள் பட்டறைப் பக்கம் வந்து தயங்கி நின்றார். பிறகு அறுவை வார்டு. பிறகு குழந்தைகள் வார்டு. பதினோரு சிஸ்டரும் தனித்தனியாகக் கேட்டார்கள். பதினோரு பேரும் சொன்னது ஒன்றே: "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கண்ணே."

"என் வாயும் இறுகின ஹேண்டில்தான், போங்க" என்று அனுப்பி வைத்தார். சொன்னபடியே இருந்தார். ஒரு சிஸ்டருக்கும் இன்னொரு சிஸ்டரின் கட்டில் தெரியாது.

தப்பு நடந்தது எழுத்தில். கட்டிலாருக்கு ஸ்பேனர் பிடிக்கிற சுலபம் பேனா பிடிப்பதில் இல்லை. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு புது நோய் யோசிக்க யாரால் முடியும்? முதல் அட்டையில் எழுதியதையே பதினொன்றிலும் எழுதினார்: "தலைமாட்டு ஹேண்டில் இறுகிவிட்டது. சாமான் வர வேண்டும்."

ஏழு வருஷம் இதை யாரும் படிக்கவில்லை. படிக்கிற ஆள் வந்து சேர்ந்தார்.

அவசர சிகிச்சையை ஒழுங்குபடுத்துவதற்காகப் புதிதாக ஒரு திட்ட அதிகாரி வந்திருந்தார். முப்பத்தைந்து வயசுப் பெண்மணி. ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள், எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள், எத்தனை கட்டில் இருக்கிறது என்று இரண்டு வாரம் ஒவ்வொரு வார்டாக நடந்து கணக்கெடுத்தார். ஒரு கட்டிலும் சும்மா கிடக்கக் கூடாது என்பது அவர் திட்டம். செருப்பு தேய நடக்கிற அதிகாரியை அந்த ஆஸ்பத்திரி அதுவரை பார்த்ததில்லை. எல்லோரும் திட்ட மேடம் என்றார்கள். ஒரு திங்கட்கிழமை காலை அவர் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"நீங்கதான் கட்டில் மெக்கானிக்கா?"

"ஆமாங்க மேடம். உட்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், அது ஆடும்."

"கட்டில் சரி பண்றவர் ஸ்டூலே ஆடுதா?"

"அது எங்க டிபார்ட்மெண்ட் இல்லீங்க."

மேடம் சிரிக்கவில்லை. தாளைப் பிரித்தார். "பதினோரு கட்டில், பதினோரு வார்டு. எல்லாத்துக்கும் ஒரே பழுது. ஹேண்டில். இது என்ன தொத்து வியாதியா?"

கட்டிலார் தொண்டையைச் செருமினார். "அந்த மாடலே அப்படித்தான் மேடம். சாமான் வரணும்."

"ஏழு வருஷமாவா?"

"சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு."

அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது. மேடம் முகம் மாறியது. பாவம், இந்த மனிதர் ஏழு வருஷமாகக் கேட்டும் யாரும் வாங்கித் தரவில்லையே என்று நினைத்துவிட்டார். நல்ல மனசுள்ள அதிகாரியைவிடப் பெரிய ஆபத்து ஓர் ஆஸ்பத்திரியில் கிடையாது. நாலே நாளில் பட்டறை வாசலில் ஒரு பெரிய பெட்டி வந்து இறங்கியது. உள்ளே பளபளவென்று பதினோரு புது ஹேண்டில்.

கூடவே ஆபீஸிலிருந்து ஒரு கடிதம். அடுத்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பதினோரு கட்டில்களையும் பின்முற்றத்துக்குக் கொண்டுவந்து மேடம் முன்னால் சரிசெய்து காட்ட வேண்டும். முடியாவிட்டால் கட்டில் வேலை முழுவதும் வெளிக் கம்பெனிக்குப் போகும். கட்டிலாரைத் தோட்ட வேலைக்கு மாற்றிவிடுவார்கள்.

"தோட்டமா?" என்றாள் வீட்டுக்காரி, கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு. "நீங்க தொட்டா செடி பட்டுப்போகுமே!"

"நான் இங்க நெஞ்சு படபடத்துக் கிடக்கறேன், உனக்குக் கிண்டலா?"

"பின்ன? நம்ம வீட்டுக் கட்டில் ஆறு வருஷமா திரும்பிப் படுத்தா தெருவே முழிச்சுக்கற மாதிரி கத்துது. ஊர்க் கட்டிலுக்கெல்லாம் வைத்தியம், நம்ம கட்டிலுக்கு மட்டும் நாதி இல்ல." பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "இதுல என்னங்க கஷ்டம்? புது ஹேண்டில மாட்டுங்க. சரியாயிடுச்சுன்னு சொல்லுங்க. வேலை தப்பிச்சுது."

"வேலை தப்பிச்சுடும். கட்டில் போயிடும். அன்னிக்கே பதினொண்ணுலயும் ஆள் ஏறிடுவாங்க."

"அப்ப நிஜமாவே இறுகலா பண்ணிடுங்க. ஒரு ஆணியை நடுவுல செருகினா ஆச்சு."

மறுநாள் அவர் அதையும் செய்யப் பார்த்தார். அறுவை வார்டுக் கட்டிலின் கீழே மல்லாந்து படுத்து, ஆணியைப் பல்சக்கரத்துக்குள் வைத்து, சுத்தியலை ஓங்கினார். தானே கிரீஸ் போட்டு வளர்த்த பல்சக்கரம். கை இறங்கவில்லை. "சீ, இதுக்கு நான் தோட்டத்துக்கே போறேன்" என்று ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

செய்தி பரவியது. சிஸ்டர்கள் ஒவ்வொருவராகப் பட்டறைக்கு வந்தார்கள்.

"அண்ணே, மத்த கட்டிலெல்லாம் சரி பண்ணிக்குங்க. எங்களது மட்டும் முடியாதுன்னு சொல்லிடுங்க" என்றார் இருதய வார்டு சிஸ்டர். அவர் தலை மறைந்ததும் குழந்தைகள் வார்டு சிஸ்டர் வந்தார். "மத்ததெல்லாம் நிஜப் பழுதுதானே அண்ணே? நம்ம ஒண்ணுதான் பொய். பத்து சரியானா பதினொண்ணாவத யாரு பாக்கப் போறா?"

"யாரும் பாக்க மாட்டாங்கம்மா" என்றார் கட்டிலார், பதினோராவது தடவையாக.

வெள்ளிக்கிழமை வந்தது. முற்றத்து வெயிலில் பதினோரு கட்டில்கள் வரிசையாக நின்றன. பக்கத்தில் பதினோரு சிஸ்டர்கள். மேடம் வந்தார். கட்டிலார் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு முதல் கட்டில் முன் குனிந்தார். புது ஹேண்டில் காலடியில் தயாராக இருந்தது. மாட்டிவிட்டால் தோட்டம் இல்லை. அவர் மாட்டவில்லை. பழைய ஹேண்டிலைப் பிடித்துச் சுற்றினார். தலைமாடு எழுந்து நின்றது.

அடுத்த கட்டிலுக்குப் போய் அதையும் சுற்றினார். அதுவும் எழுந்தது. ஒவ்வொன்றாக எழ எழ, சிஸ்டர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஏ! உங்களுதும் பொய்தானா?" என்றார் இருதய வார்டு.

"அப்ப நீங்களுமா?" என்றார் குழந்தைகள் வார்டு.

பெரிய சிஸ்டர் இடுப்பில் கை வைத்தார். "அடப்பாவி அண்ணா! என் யோசனைய ஊர் முழுக்கத் தானம் பண்ணிட்டீங்களா?"

யாரோ ஒரு சிஸ்டர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் கொக்கரித்தார். அவ்வளவுதான், முற்றமே அதிர்ந்தது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒண்ணுக்கும் பழுது இல்லையா?"

"இல்லீங்க மேடம். நான் எழுதினது பொய்." ஸ்பேனரைக் கீழே வைத்தார். "உங்க திட்டத்துல எல்லாக் கட்டில்லயும் ஆள் இருக்கணும்னு போட்டிருக்கு. பத்தே காலுக்கு மூச்சு முட்டி வர்றவருக்கு அதுல எந்தக் கட்டில் போட்டிருக்கீங்க? அத மட்டும் காட்டுங்க. நான் தோட்டத்துக்குப் போயிடறேன்."

மேடம் தாளைப் பார்த்தார்.

"இத என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே?" என்றார். "திருட்டுத்தனம் எதுக்கு? வார்டுக்கு ஒரு கட்டில் அவசரத்துக்குன்னு நானே ஒதுக்கி எழுதறேன். உங்க விஷயம் அப்புறம்."

சொன்னபடி செய்தார். பதினோரு கட்டில்களுக்கும் அழகான பச்சைப் பலகை வந்தது: "அவசரத்துக்காக ஒதுக்கப்பட்டது." கட்டிலார் புது ஹேண்டில் பெட்டி மேல் உட்கார்ந்து டீ குடித்தார்.

பச்சைப் பலகை, ஆபீஸ் லீவான ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் தாங்கியது. ஆபீஸ் கணக்கில் கட்டில் "காலி" என்று வந்ததும், பெரிய டாக்டரின் மைத்துனர் சுளுக்கிய கணுக்காலோடு வந்து எங்களுக்கும் அவசரம்தான் என்று ஏறிப் படுத்தார். நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவரின் சம்பந்தி, ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை சாய்ந்திருக்கிறேன் என்று வந்து குறட்டை விட்டார். திங்கட்கிழமை மதியத்துக்குள் பதினொன்றும் நிறைந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு டீச்சரம்மாவைப் பள்ளிக்கூடத்திலிருந்தே தூக்கிக்கொண்டு வந்தார்கள். விரலில் சாக்பீஸ் பொடிகூடப் போகவில்லை. மூச்சு விசில் அடித்தது. கட்டில் இல்லை. ஆள் போதாமல், அந்தப் பக்கம் வந்த திட்ட மேடம் கையில் ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கொடுத்து நிறுத்திவிட்டார் பெரிய சிஸ்டர். நாற்பது நிமிஷம் மேடம் அந்தத் தள்ளுவண்டி பக்கத்தில் நின்றார். டீச்சரம்மா அவர் மணிக்கட்டை விடவே இல்லை. டாக்டர் ஒரு கால்கட்டுக்காரரைத் திட்டி எழுப்பிய பிறகுதான் இடம் கிடைத்தது. டீச்சரம்மா பிழைத்துக்கொண்டார்.

அன்று மதியம் மேடம் பட்டறைக்கு வந்தார். கேட்காமலே ஆடுகிற ஸ்டூலில் உட்கார்ந்தார். மணிக்கட்டில் விரல் பதிந்த சிவப்பு இன்னும் இருந்தது.

"அந்த அட்டை மிச்சம் இருக்கா?" என்றார், கதவைப் பார்த்துக்கொண்டே.

"எந்த அட்டை மேடம்?"

"விளையாடாதீங்க. சிவப்பு அட்டை. பதினொண்ணு வேணும். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

கட்டிலார் மேலே தகரத்தைப் பார்த்தார். சிரிப்பு வந்தால் அங்கேதான் பார்ப்பார். "தரேன். ஆனா பழுதுன்னு எழுத மாட்டேன். ஏழு வருஷம் கட்டில சரி பண்ணத் தெரியாதவன்னு பேர் வாங்கினது போதும்."

"வேற என்னன்னு எழுதறது? காலின்னு எழுதினா சம்பந்தி வந்துடுவார்."

இரண்டு பேரும் யோசித்தார்கள். பாதி டீ ஆறிப்போனது. கடைசியில் மேடமே சொன்னார்: "சோதனையில் இருக்கிறது."

"என்ன சோதனை?"

"ஹேண்டில் சோதனை. மெக்கானிக் தினமும் வந்து சுத்திப் பாக்கணும். அவர் கையெழுத்து இல்லாம யாரும் படுக்கக் கூடாது. அவசரக் கேஸ் வந்தா அந்த நிமிஷமே சோதனை முடிஞ்சுதுன்னு அர்த்தம். இதுக்கு வெளிக் கம்பெனி ஆள் ஒத்துவர மாட்டான். உள்ளேயே இருக்கற ஆள்தான் வேணும்னு நான் எழுதிடறேன்."

கட்டிலார் பேனாவைத் தேடி எடுத்தார். பதினோரு அட்டையிலும் ஒரே வாசகம். இந்தத் தடவை அதற்காக அவர் வெட்கப்படவில்லை.

வீட்டுக்குப் போனபோது வீட்டுக் கட்டிலிலும் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. அவர் பையிலிருந்து வீட்டுக்காரி எப்போதோ உருவி வைத்தது. "ஆறு வருஷமாகப் பழுது. மெக்கானிக் வர வேண்டும்" என்று அவள் கையெழுத்தில் இருந்தது. அவர் கிரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தார்.

புது ஹேண்டில் பதினொன்றும் இன்னும் பெட்டியிலேயே இருக்கின்றன. பட்டறைக்கு வருகிறவர்களுக்கு இப்போது அதுதான் ஆசனம், ஆடாது. மற்றபடி அவர் எந்த வார்டில் இருந்தாலும், அவசரப் பிரிவு வாசலில் தள்ளுவண்டிச் சக்கரம் தடதடக்கிற சத்தம் கேட்டால் ஓடிப் போய்விடுவார். அட்டையின் முடிச்சை அவிழ்த்து, ஹேண்டிலை இரண்டு சுற்றுச் சுற்றித் தலைமாட்டை உயர்த்திவிட்டு, பெரிய சிஸ்டரைப் பார்த்து அதே ஒரு வரியைச் சொல்வார்.

"சோதனை முடிஞ்சுதும்மா. படுக்க வைங்க."