மஞ்சள் டேப்புக்கு அந்தப் பக்கம்

கொரோனா ஓய்ந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. படப்பையில் நான்கு பெண்கள் சேர்ந்து ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். இரண்டு பேர் சின்னப் பெண்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் நானும் ஓர் அக்காவும்தான்.

அக்கா தென்காசிப் பக்கம். என்னைவிட இரண்டே வயது மூத்தவர், தையலில் புலி. அவர் தைத்ததில் குறை கண்டுபிடிக்கும் செக்கிங் வேலை எனக்கு. அதனால் கம்பெனியில் முறைத்துக்கொள்வோம். அறைக்கு வந்தால் ஒரே தட்டில் சாப்பிடுவோம். லீவு நாளில் வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துவிட்டு, சூப்பர்வைசரைப் போல நடித்துக் காட்டிச் சிரித்தபடியே ஷேர் ஆட்டோவில் திரும்புவோம். அப்படி வயிறு வலிக்கச் சிரித்து எவ்வளவு நாளாகிவிட்டது!

ஒருநாள் அக்காவின் கழுத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. வலியில்லை என்று விட்டுவிட்டார். அது பெரிதான பிறகு சென்னைக்குப் போய்க் காட்டியதில், தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். வெற்றிலைகூடப் போடாத மனுஷிக்கு எப்படி என்று எல்லோருக்கும் குழப்பம். கட்டியில் எடுத்த துண்டை இன்னொரு பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அந்த ரிப்போர்ட்டை வாங்க அக்கா தன் தம்பியுடன் போய் வந்தார்.

அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். வைரஸ் என்ற சொல் கண்ணில் பட்டது. அவ்வளவுதான்.

"ஏட்டி, டாக்டர் என்ன சொன்னாங்கன்னா..." என்று அக்கா ஆரம்பித்தார்.

"அதெல்லாம் அப்பாலிக்கா பேசிக்கலாம்க்கா. மொதல்ல கைய கழுவு" என்று முகத்தை மூடிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

கம்பெனியில் சரக்கைப் பிரித்து வைக்கத் தரையில் மஞ்சள் டேப் ஒட்டுவோம். அதே மாதிரி ஒரு சுருள் வாங்கிவந்து அலமாரித் தட்டின் குறுக்கே ஒட்டினேன். ஒரு பக்கம் அக்காவின் தட்டு, டம்ளர். மறு பக்கம் எங்களுடையது. தரையிலும் அவர் பாயைச் சுற்றி ஒரு கோடு. பெரிய ஆபீசர் என்று எனக்கு நினைப்பு. அக்கா பதினோரு நாள் அந்தக் கோட்டுக்குள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

சிகிச்சை தொடங்கும் நாளில் தம்பிக்கு லீவு கிடைக்காததால் நான் துணைக்குப் போனேன். மாஸ்க்கைக் கழற்றாமலே டாக்டரம்மாவிடம், "நாங்க மூணு பேரும் டெஸ்ட் எடுக்கணுமா மேடம்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எதுக்கும்மா? இந்த வைரஸ் தட்டு, டம்ளர்ல ஒட்டாது. நிறைய பேருக்கு வந்து, தானாவே போயிடும். சிலருக்கு மட்டும் தங்கி, பல வருஷம் கழிச்சு இப்படிப் பண்ணும். கட்டியில பி16னு ஒரு அடையாளம் இருக்கு, அதை வெச்சுத்தான் கண்டுபிடிச்சோம். ஒரு வகையில நல்ல சேதி. புகையிலையால வர்றதைவிட இந்த வகை பொதுவா சிகிச்சைக்கு நல்லா கேட்கும். இவங்ககிட்ட அன்னைக்கே சொன்னேனே."

எனக்குத் தலை நிமிரவில்லை. பஸ்ஸில் வரும்போது, "ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்ல வந்தேம்லா. நீ மூஞ்சிய மூடிக்கிட்டு வாசல்ல போய் நின்ன. மேல பேசினா நீ ரூமவிட்டே போயிருவியோன்னு பயம் வந்துட்டு. கோட்டுக்கு அந்தப் பக்கமாவது இருக்காளேன்னு விட்டுட்டேன்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னதுதான் என்னைக் கொன்றது.

அன்று அழுதுகொண்டே டேப்பை உரித்தேன். கதிர்வீச்சில் தொண்டை வெந்து தண்ணீர்கூட இறங்காத வாரங்களில், கஞ்சியை வடிகட்டி ஸ்பூனில் ஊட்டினேன். அக்கா மீண்டார். இப்போது ஊரில் மகளோடு இருக்கிறார். குரல் மட்டும் கொஞ்சம் கரகரப்பு. ஒவ்வொரு முறை செக்கப் முடிந்ததும் முதல் போன் எனக்குத்தான்.

அவ்வளவு பெரிய நோயைச் சுமந்துகொண்டு, அந்தப் பதினோரு நாளும் நான் விட்டுப் போய்விடுவேனோ என்றுதான் அவர் பயந்திருக்கிறார் என்பதை நினைத்தால், இன்றும் எடுத்த கவளம் கையிலேயே நின்றுவிடுகிறது.