முதல் கட்டிலும் ஒரு ஊசியும்

ஊசி போடுகிறவனைக் கண்டால் குழந்தைகள்தான் அழும் என்று நம்பி இந்தத் தொழிலுக்கு வந்தேன். எழுபதுகளில் அரபு நாட்டில், சோஹாரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தபோது, கடப்பாரை பிடித்த ஆண்பிள்ளைகள் என்னைக் கண்டு நடுங்கினார்கள். வார்டில் வேலை பார்த்த உங்களுக்கும் இதில் பாதியாவது நடந்திருக்கும்.

முதல் கட்டில்

எங்கள் வார்டில் பன்னிரண்டு கட்டில். ரொம்ப முடியாதவரை என் மேஜைக்குப் பக்கத்தில் இருந்த முதல் கட்டிலில் போடுவோம், கண் பார்வையில் இருக்கட்டும் என்று. முடியாதவர்களையே அங்கே போட்டால் சாவும் அங்கேதானே அதிகம் நடக்கும்? ரோடு போடும் கேம்பில் இருந்த நம்மூர் ஆட்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள். அந்தக் கட்டிலுக்கு மாற்றினால் ஊசி போட்டு முடித்துவிடுவோமாம்.

காய்ச்சலில் கொதித்த ஒரு கொத்தனாரை அங்கே மாற்றப் போனேன். குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு நடந்துவிட்டார். "தரையிலேயே கிடக்கேன் சார். அந்தக் கட்டில் மட்டும் வேணாம்."

கேம்பில் வந்த செய்தி

யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த பத்திரிகையில் ஒரு செய்தி. பிழைக்க வழியில்லாத நோயாளியின் வேதனையை டாக்டரே முடித்துவைக்கலாமா என்று ஏதோ வெளிநாட்டில் வாதம் நடக்கிறதாம். ஒரு ரூமில் சத்தமாகப் படித்திருக்கிறார்கள். நாலாவது ரூமுக்குப் போவதற்குள் வாதம் காணாமல் போய், டாக்டரும் ஊசியும் மட்டும் மிஞ்சின. வார்டுக்கு வந்தபோது கம்பெனியும் சேர்ந்திருந்தது. வேலைக்கு ஆகாதவன் பேரை அவர்கள் எழுதிக் கொடுப்பார்களாம், நான் போடுவேனாம்.

அப்படி ஓர் ஊசி இங்கே மாஃபி, கிடையவே கிடையாது என்று அரபியிலும் தமிழிலும் இந்தியிலும் கத்திப் பார்த்தேன். கால் முறிந்து கிடந்த கேம்ப் சமையல்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "அடுத்த மாசம் எனக்கு லீவு சார், டிக்கெட் போட்டாச்சு. என் பேரு வந்தா கொஞ்சம் தள்ளிப் போடுங்க."

வேலுவின் அத்தான்

என் சிரிப்பெல்லாம் வேலு வந்த அன்றோடு போயிற்று. கொதிக்கும் தார் கொட்டி, மார்பிலிருந்து முழங்கால் வரை வெந்திருந்தான். இருபத்து மூன்று வயது. கூடவே இருந்தவர் அவன் அக்கா புருஷன் ஆறுமுகம். வேலுவை இந்த வேலைக்குக் கூட்டிவந்ததே அவர்தான். டாக்டர் வலிக்கு மார்பின் எழுதினார். நான் ஊசியோடு போனதும் ஆறுமுகம் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வலி குறையும், தூங்குவான், எழுந்துவிடுவான் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை.

எனக்கும் பயம்தான். போட்ட பிறகு அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் என்னை யார் நம்புவார்கள்? கடைசியில் வேலுவே போடச் சொல்லிக் கதறிய பிறகுதான் பிடி தளர்ந்தது. அவன் தூங்கிய நாலு மணி நேரமும் ஆறுமுகம் அவன் மூக்கடியில் விரலை வைத்தபடி நின்றார். வேலு கண் விழித்துத் தண்ணீர் கேட்டான். விரலை எடுக்காமலே அவர் என் பக்கம் திரும்பினார். "இந்தத் தடவை விட்டுட்டீங்க சார்."

ஆறாம் நாள்

புண் சீழ் பிடித்து, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. டாக்டர் கையை விரித்துவிட்டார். மார்பினும் சரியாகக் கேட்கவில்லை. மருந்து அலமாரிப் பக்கம் என்னைத் தனியாக அழைத்த ஆறுமுகம், அந்த ஊசி நிஜமாகவே இருந்தால் வேலுவுக்குப் போட்டுவிடச் சொன்னார். அக்காகாரிக்குத் தான் பதில் சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார். அப்படி ஒன்று எங்களிடம் இல்லை, இருந்தாலும் என்னால் ஆகாது என்றேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை டாக்டர் எழுதிய அளவு மார்பினை வழக்கம்போல் போட்டேன். மதியம் வேலு போய்விட்டான். ஆறுமுகம் என் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "செஞ்சுட்டீங்க சார். சாகுற வரைக்கும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

வாய் வலிக்க மறுத்தபோதெல்லாம் நம்பாத மனுஷர், நான் வாயடைத்து நின்ற அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் முழுசாக நம்பிக்கொண்டு ஊருக்கு விமானம் ஏறினார்.