இடது கையின் மேல் உட்கார்ந்தவள்

மரீட்டா இடது கையைத் தொடைக்கு அடியில் செருகி, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்துகொள்கிறாள். அதன் பிறகுதான் வலது கையால் வண்டியைத் தொடுகிறாள். இருக்கையை முன்னால் இழுக்க ஒரு கை போதுமா, பெல்ட்டை மாட்ட ஒரு கை போதுமா, சாவியைத் திருப்பும்போது உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். பார்த்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலை சொல்லத் தொடங்கிவிடுகிறாள். ஒரு முழு ஜெபமாலை முடியும்வரை முதுகு வலிக்காவிட்டால் அது நல்ல இருக்கை. பாதியில் நெளிய வைத்தால் அடுத்த வண்டிக்குப் போய்விடுவாள், அங்கே முதலிலிருந்து மறுபடியும்.

கர்ட்டின் கடை முற்றத்தில் புல்வெட்டும் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் நின்ற இடத்திலேயே சுழலும் ஜீரோ டர்ன் வகை. மற்றவர்கள் வந்து டயரை ஒரு உதை உதைத்து, எஞ்சினைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டு, வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். என் தங்கை மட்டும் மூன்று சனிக்கிழமைகளாக அந்த வரிசையில் உட்கார்ந்து ஜெபிக்கிறாள். கர்ட் பொறுமைசாலி. அவனே ஒருநாள் வாய்விட்டுக் கேட்டுவிட்டான்.

“மரீட்டாம்மா, வண்டி வாங்கப் போறீங்களா, இல்ல வரிசையா எல்லாத்துக்கும் ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போகப் போறீங்களா?”

“டேய், பஸ் சீட்டுக்கு அடியில பபுள்கம் ஒட்டினவன்தானே நீ? பேசாம இரு. ஜெபமாலையில மூணாவது பத்துமணியில இருக்கேன்.”

தெற்கு இந்தியானாவில் எங்கள் வட்டாரத்தில் நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களில் பாதிப்பேர் மரீட்டா ஓட்டிய பள்ளிப் பேருந்தில் போனவர்கள். பேருந்தில் அவள் கத்தி யாரும் கேட்டதில்லை. தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் ஒரு புருவத்தை மட்டும் தூக்குவாள். கடைசி வரிசைவரை அடங்கிவிடும். ரயில் பாதையைக் கடக்குமுன் பள்ளிப் பேருந்து நின்று, கதவைத் திறந்து, சத்தம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அது விதி. அவள் அதைத் தன் சொந்தக் காரிலும் விடவில்லை. தண்டவாளத்துக்கு முன்னால் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, காதைக் கொடுத்துக் கேட்பாள். பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடித்தால், “அவசரமா இருந்தா மேல பறந்து போகட்டும்” என்பாள். அந்தப் பாதையில் ரயில் ஓடுவது நின்று பல வருடமாகிறது.

நான் அவளுக்கு அக்கா. பள்ளிக்கூடம் எனக்குப் பத்தாவதோடு முடிந்தது. அதற்குப் பிறகு நாற்காலித் தொழிற்சாலையில் மெத்தை உறை தைத்தேன். பெருமையடிப்பது எங்கள் வீட்டுப் பழக்கமில்லை. ஆனால் என் தங்கை விஷயத்தில் எனக்கு அது கொஞ்சம் உண்டு. மறைப்பானேன்?

அவள் அந்த இடது கையை அப்படி முடக்கி வைப்பது கடையில் மட்டுமல்ல. கிறிஸ்துமஸ் கழிந்ததிலிருந்தே தொடங்கிவிட்டாள். ஊறுகாய்ப் புட்டியை மடியில் இடுக்கி ஒரு கையால் திறப்பாள். ஒரு கையால் கோட்டுக்குப் பொத்தான் போடுவாள். ஒருமுறை எங்கள் வீட்டில் சாப்பிட வந்தவள், இறைச்சித் துண்டை ஒற்றைக் கையால் வெட்டப் போய் அதை என் மேசைவிரிப்பில் தள்ளிவிட்டாள். என்னடி இது கூத்து என்றேன். “டாயிலுக்கு எது முடியும், எது முடியாதுன்னு டாயில்கிட்ட கேட்டா உண்மை வராதுக்கா. அதான் நானே பாத்துக்கிறேன்” என்றாள்.

டாயில் அவள் கணவர். வான்கோழிப் பண்ணைகளுக்குத் தீவன லாரி ஓட்டியவர். போன வருடத்துக்கு முந்தைய இலையுதிர் காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. காலில் முக்கால்வாசி பலம் திரும்பிவிட்டது, ஊன்றுகோலோடு நடக்கிறார். கைதான் வரவில்லை. விரல்கள் மடங்குகின்றன, ஆனால் பிடித்ததைப் பிடித்தபடி வைத்துக்கொள்ள முடிவதில்லை.

அவர்கள் வீடு மாதா கோவிலுக்குப் போகும் சாலையோரம் இருக்கிறது. வீட்டைச் சுற்றி மூன்றரை ஏக்கர் புல். சனிக்கிழமை மாலை டாயில் வெட்டி முடித்தாரென்றால் ஞாயிறு காலைப் பூசைக்குப் போகிற கார்களெல்லாம் அங்கே கொஞ்சம் மெதுவாகும். ஒரு பட்டை வெளிர்பச்சை, ஒரு பட்டை கரும்பச்சை, சாலையிலிருந்து வேலிவரை நூல் பிடித்ததுபோல் இருக்கும். பூசையில் பாதிரியார் பிரசங்கம் எப்படி என்று யாரும் பேசிக்கொள்ளாவிட்டாலும் டாயிலின் புல் எப்படி என்று பேசிக்கொள்வார்கள்.

பக்கவாதத்துக்குப் பிறகு வந்த வசந்தத்தில் அவர் தன் பழைய வண்டியில் ஏறிப் பார்த்தார். அதற்கு ஸ்டியரிங் கிடையாது. இரண்டு நீண்ட கைப்பிடிகள், பக்கத்துக்கு ஒரு சக்கரம். இரண்டையும் ஒரே அளவு தள்ளினால்தான் நேராகப் போகும். வலது கை தள்ளியது, இடது கை பின்தங்கியது. வண்டி இடப்பக்கமாகவே வட்டமடித்து, துணி உலர்த்தும் கம்பத்தில் போய் நின்றது. அவர் இறங்கி, சாவியை ஆணியில் மாட்டினார். கொட்டகைப் பக்கம் பிறகு போகவில்லை. அந்தக் கோடை முழுவதும் கூலிக்கு வந்த ஆட்கள்தான் வெட்டினார்கள். திரும்பும் இடங்களில் சக்கரத்தை அரைத்துச் சுழற்றி, புல்லை வேரோடு பெயர்த்துப் போட்டார்கள். டாயில் புல் தெரியும் பக்கத்து ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அந்தத் திரையை விலக்க வேண்டும். மரீட்டா கர்ட்டின் கடைக்குப் போனது அதற்காகத்தான், வேறு எதற்காகவும் இல்லை.

எங்கள் ஊர் ஆண்கள் இந்த வண்டியை வெட்டும் அகலத்தை வைத்துத்தான் வாங்குவார்கள். நாற்பத்தெட்டு அங்குலம் வாங்கியவனைப் பார்த்து ஐம்பத்துநாலு வாங்கியவன் சிரிப்பான். பக்கத்து வீட்டு வெண்டல் அறுபது அங்குலம் வாங்கி டிரெய்லரில் கொண்டுவந்து இறக்கினார். கொல்லை வாசலில் அது நுழையவில்லை. திருப்பிக் கொடுப்பாரா மனிதர்? மறுநாள் வாசற்கம்பத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கம்பம் உளுத்துப் போயிருந்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கர்ட்டும் மரீட்டாவுக்கு முதலில் அறுபதைத்தான் காட்டினான். மூன்றரை ஏக்கருக்கு அதுதான் சரி, சீக்கிரம் வேலை முடியும் என்றான்.

“சீக்கிரம் முடிக்கிறதுக்கு அவருக்கு என்னடா அவசரம்? மத்தியானம் முழுக்க ஓட்டட்டும். அதுதானே வேணும்” என்றாள் இவள்.

கைப்பிடி வகைகளையும் அவள் சோதிக்காமல் விடவில்லை. இடது கையின் மேல் உட்கார்ந்தபடி வலது கையால் ஒன்றை ஓட்டினாள். கர்ட்டின் சரளைக்கல் முற்றத்தில் வால் பிடிக்கப் பார்க்கும் நாய்போல அது சுற்றிச் சுற்றி வந்தது. மூன்றாவது சுற்றில் நான் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். இறங்கி வந்து, “கம்பத்துல போய் முட்டுறதுக்கு முன்னாடி அந்த மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்பத்தான்க்கா தெரியுது” என்றாள்.

மிஞ்சியது ஸ்டியரிங் வைத்த ஜீரோ டர்ன். கையில் ஸ்டியரிங், வேகத்துக்குக் காலில் பெடல். முன்சக்கரங்களும் திரும்புவதால் சரிவில் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் என்று கர்ட் சொன்னான். அதில் ஒன்றில் இருக்கை நன்றாக இருந்தது, ஜெபமாலை முழுவதும் உட்கார்ந்தாள். கடைசியில்தான் கவனித்தாள், வெட்டும் கத்திகளை உயர்த்தும் மிதி இடது காலுக்கு இருந்தது. டாயிலின் இடது கால் நடக்கும், அழுத்தி மிதிக்காது. எழுந்துவிட்டாள். கர்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போனவன், கொட்டகையிலிருந்து வேறொன்றை ஓட்டிக்கொண்டு வந்தான். யாரோ சொல்லி வைத்து வாங்காமல் விட்டது. நாற்பத்தாறு அங்குலம். எல்லாப் பிடியும் வலப்பக்கம். மரீட்டா உட்கார்ந்தாள், கையைச் செருகினாள், கண்ணை மூடினாள். ஜெபமாலை முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் உள்ள எண்ணம் டாயிலுக்கும் உண்டு. ஸ்டியரிங் வைத்தது நகரத்துக்காரர்களுக்கு, வயதானவர்களுக்கு. இரண்டு கைப்பிடி இல்லாதது ஜீரோ டர்னே இல்லை. வாங்கிக்கொண்டு போய் நிறுத்தினால் ஏறவே மாட்டார். பிசியோதெரபி செய்யும் பெண், பெல்ட் போட்டுக்கொண்டு சமதரையில் ஓட்டலாம் என்று எப்போதோ சொல்லிவிட்டாள். குளத்தங்கரைச் சரிவு மட்டும் கூடாது என்றாள். அங்கே இனி புல் வளர்ந்துவிட்டுப் போகட்டும், தவளைகளுக்கு ஆகும் என்று மரீட்டா முடிவு செய்துவிட்டாள். யாரும் தடுக்கவில்லை, டாயில்தான் டாயிலைத் தடுத்துக்கொண்டிருந்தார். இதையெல்லாம் கர்ட்டிடம் சொல்லி, வண்டியை ஓட்டிப் பார்க்க ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னாள். அவர் ஏறாவிட்டால் அப்படியே திருப்பிக்கொண்டு போய்விடு என்றாள்.

அவள் தேர்ந்தெடுத்தது பங்குத் திருவிழாவுக்கு முந்தைய சனிக்கிழமை. மறுநாள் வறுத்த கோழிக்கும் ஆமை சூப்புக்கும் மூன்று ஊர்க் கார்கள் அந்தச் சாலை வழியாகத்தான் வரும்.

கர்ட் டிரெய்லரிலிருந்து வண்டியை இறக்கினான். டாயில் முன்வராந்தாவில் ஊன்றுகோலைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

“ஸ்டியரிங் எல்லாம் வச்சிருக்கு. வீட்டுக்கும் பஸ்ஸைக் கொண்டுவந்துட்டியா?”

“ஆமா. பின்னாடி உக்காந்து சத்தம் போடாதே.”

சொல்லிவிட்டு மரீட்டா ஏறி உட்கார்ந்தாள், இந்த முறை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. சாலையோரத்திலிருந்து வேலியை நோக்கி முதல் பட்டையை வெட்டினாள். கோணலாக இருந்தது. நடுவில் வயிறு போட்டு, மறுபடி உள்ளே ஒடுங்கி, மறுபடி வயிறு போட்டது. திரும்பி வந்த பட்டையும் அப்படியே. கர்ட் என் பக்கம் குனிந்து, பனிக்காலத்தில் நாற்பதடிப் பேருந்தைச் சந்துக்குள் பின்னால் எடுத்தவராயிற்றே என்றான். நானும் பட்டையைப் பார்த்தேன். எத்தனையோ வருடம் தையலைப் பார்த்த கண் இது. கைதவறிக் கோணுகிற கோடு ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரிக் கோணும். இது ஒரே சீராகக் கோணியிருந்தது.

டாயில் முதல் பட்டையைப் பொறுத்துக்கொண்டார். இரண்டாவதில் ஊன்றுகோல் தரையைத் தட்டத் தொடங்கியது. மூன்றாவதற்கு அவள் வண்டியைத் திருப்பியபோது படி இறங்கிவிட்டார்.

“எங்க பாத்து ஓட்டுற? சக்கரத்துக்கிட்ட பாக்காதே. அந்தக் கடைசி வேலிக்கம்பத்தைப் பாரு.”

“பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கு வர்றது இவ்வளவுதான் டாயில்.”

“நாளைக்குத் திருவிழா.”

“வர்றவங்க பாத்துட்டுப் போகட்டும். மரீட்டா வெட்டினதுன்னு சொல்லிக்கோ. ஒண்ணும் கெட்டுப் போகாது.”

அவர் அந்தக் கோணல் பட்டைகளையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தார். எஞ்சினை அவள் அணைக்கவில்லை.

“இறங்கு” என்றார்.

அவள் கை கொடுக்கவில்லை, தோள் கொடுக்கவில்லை. இறங்கி நகர்ந்து நின்றுகொண்டாள். டாயில் ஊன்றுகோலை கர்ட்டிடம் நீட்டினார். ஏறி உட்கார சற்று நேரமானது. ஒரு கையால் பெல்ட்டை மாட்டினார். ஸ்டியரிங், கத்தியை இறக்கும் பிடி என்று வலது கை தானாகவே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தது. இடது கை மடியில் கிடந்தது. முதலில் அவள் போட்ட வயிறுகளை அழித்தார். அதில் கொஞ்சம் ஆடினார். அடுத்த பட்டையில் தலை நிமிர்ந்தது, கண் வேலிக்கம்பத்துக்குப் போனது. அதற்குப் பிறகு கோணவே இல்லை. கோழி வறுக்கும் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு கோவிலுக்குப் போன ஒரு வண்டி மெதுவாகி, ஒருமுறை ஹார்ன் அடித்துவிட்டுப் போனது. டாயில் திரும்பிப் பார்க்கவில்லை. தாடை மட்டும் முன்னால் வந்தது. கர்ட் காலி டிரெய்லரின் சாய்தளத்தைத் தூக்கிப் பூட்டினான்.

மரீட்டா இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று எழுத எனக்கு ஆசைதான். அவள் புல்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பூச்செடிகளில் வாடிய பூக்களைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். எஞ்சின் சத்தம் எங்காவது மாறினால் அவள் விரல்கள் நிற்கும். சத்தம் சீரானதும் மறுபடி கிள்ளும்.

வெளிச்சம் சாயும் நேரத்தில் டாயில் வண்டியை நிறுத்தினார். சட்டையெல்லாம் புல்துகள். ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு சாலையோரம்வரை நடந்துபோய், காரில் வருகிறவர்கள் பார்க்கும் இடத்திலிருந்து நின்று பார்த்தார். மரீட்டாவும் போனாள். அவள் கண் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். பேருந்தில் கடைசி இருக்கையில் ஒருவன் வாயை அசைத்தாலே பிடித்துவிடும் கண். அஞ்சல் பெட்டிக் கம்பத்தின் அடியில் ஒரு பிடி புல் வெட்டுப்படாமல் நிமிர்ந்து நிற்பதை நான் பார்த்த அதே நொடியில் அவளும் பார்த்தாள். கூலிக்கு வெட்ட வந்தவர்கள் ஒரு குத்துப் புல்லை விட்டுவிட்டுப் போனதற்காக, பாதி வழியில் இருந்தவர்களைத் தொலைபேசியில் திருப்பி அழைத்தவள் அவள்.

அவள் அந்தக் கம்பத்தருகே நடந்து போனாள். வலது பூட்ஸை அந்தப் புல்லின் மேல் வைத்தாள். வைத்து, முழு எடையையும் அந்தக் காலுக்குக் கொடுத்து நின்றுகொண்டாள்.

“எப்படி இருக்கு?” என்றார் டாயில்.

“ஆறாவது பட்டை லேசா வெளிய போயிருக்கு. அடுத்த வாரம் சரி பண்ணிக்கோ.”

ஆறாவது பட்டையா, அது நேராகத்தான் இருக்கிறது, உனக்குத்தான் கண் கோணல் என்று அவர் சண்டைக்கு வந்தார். இவளும் விடவில்லை. குரல் தூக்கி அவர்கள் இருவரும் வாதாடி நான் கேட்டது ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அன்றுதான். வாதாடியபடியே டாயில் வீட்டைப் பார்த்து நடந்தார், படி ஏறினார், கதவைத் திறந்து உள்ளே போனார். அதுவரை அவள் அந்தக் காலை எடுக்கவே இல்லை.