ஆல்ட்டோவில் நிற்பது

ரூட் 18 நெடுஞ்சாலையின் காலை நெரிசலில் ஜெர்மன் மொழியில் கடவுளைத் துதித்துக்கொண்டு வேலைக்குப் போகும் தஞ்சாவூர்க்காரி அனேகமாக நான் ஒருத்திதான். சிவப்பு விளக்கு விழுந்தால் மடியில் இருக்கும் தாளைப் பார்த்து உரக்க ஒரு வரி பாடுவேன். பக்கத்துக் கார்க்காரர் மெல்லக் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் வீட்டருகே உள்ள லுத்தரன் ஆலயத்தில் இந்த வருடம் பழைய ஜெர்மன் கான்டாட்டா ஒன்று பாடுகிறார்கள். ஆர்கன், வயலின், தனிக்குரல், கூட்டுக்குரல் எல்லாம் ஒரே வேதவசனத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் எளிமையான ஒரு ஞானப்பாட்டில் முடியும். அந்த முடிவுக்காகத்தான் ஆலயப் பாடகர் குழுவான கொயரில் சேர்ந்தேன்.

அந்த மெட்டு எங்களுடையதும்கூட. ஜெர்மன் மிஷனரிகள் கொண்டுவந்ததைத் தமிழில் பாடித்தான் எங்கள் சபையில் இறந்தவர்களை அடக்கம் செய்வோம். போன வருடம் அப்பாவையும் அப்படித்தான் அடக்கம் செய்தார்கள். என் விசா நீட்டிப்பு முடிவாகாத நேரம். கிளம்பினால் திரும்பி வரமுடியும் என்று சொல்ல முடியாது என்றார் வக்கீல். கல்லறைத் தோட்டத்திலிருந்து தம்பி போன் செய்து ஸ்பீக்கரில் போட்டான். பாட்டு தொடங்கியதும் நானும் இங்கிருந்தே பாடினேன். இரண்டு வரிகூடத் தாண்டவில்லை.

"அக்கா, நீ பாடாதக்கா. உன் சத்தம் லேட்டா வருது, இங்க எல்லாருக்கும் தடுமாறுது."

வாயை மூடிக்கொண்டேன். பெற்ற அப்பாவுக்குப் பாடக் கொடுத்துவைக்கவில்லை. அந்தப் பாட்டை ஒருமுறையாவது கூட்டத்தோடு சேர்ந்து கடைசிவரை பாடாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

கொயர் நடத்தும் டேவிட் முதல் நாளே, "கேன் யூ ரீட்?" என்று கேட்டார். எம்.சி.ஏ. படித்தவளைப் பார்த்து என்ன கேள்வி இது! "ஐ ஹேவ் எ மாஸ்டர்ஸ்" என்றேன் விறைப்பாக. அவர் கேட்டது ஐந்து கோட்டு இசைக்குறிப்பை. எங்கள் ஊரில் டோ ரே மீ எழுத்துகளை வைத்துப் பாடித்தான் பழக்கம். புள்ளிக்குப் புள்ளி அந்த எழுத்துகளைப் பென்சிலால் எழுதிக்கொண்டேன். ஜெர்மன் வார்த்தைகளைத் தமிழில் எழுதினேன். அங்கேதான் வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் ஒரே எழுத்தான நம் 'க' காலை வாரியது. கடவுளைக் குறிக்கும் சொல்லைக் 'கோட்' என்று எழுதி, எழுதியபடியே பாடினேன். பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரப் பாட்டி ஹில்டா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெர்மனில் 'க'வை அழுத்திச் சொன்னால் அந்தச் சொல் சாணமாகிவிடுமாம்; ஆண்டவரைப் பார்த்துச் சாணமே என்று பாடியிருக்கிறேன்.

அதையாவது திருத்திவிடலாம். கனத்த குரல் என்று என்னை ஆல்ட்டோவில் போட்டதுதான் பெரிய சிக்கல். மெட்டு மேலே, உச்சக்குரல் சொப்ரானோக்காரர்களுக்கு. எங்களுக்கு அதன் கீழே ஓடும் துணைக்குரல். பிறந்ததிலிருந்து கேட்ட மெட்டு காதில் விழுந்தால் தொண்டை சும்மா இருக்குமா? "யூ ஆர் ஸிங்கிங் தி ட்யூன், ரூத்" என்று டேவிட் ஒவ்வொரு முறையும் நிறுத்தினார். அடுத்த ஒத்திகையிலும் சரிவராவிட்டால், கடைசிப் பாட்டுக்கு மட்டும் உட்கார்ந்துகொள்ளலாம் என்றார் அன்பாக. அந்த அன்பைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சொப்ரானோல போடச் சொல்லிக் கேளேன். உனக்கு அந்த ட்யூன்தானே வேணும்?" என்றார் என் கணவர் ஜெபராஜ்.

"அவ்ளோ மேல எனக்கு எட்டாது. நீங்க ட்யூன தமிழ்ல சத்தமா பாடுங்க. நான் ஆல்ட்டோல நின்னு காட்டுறேன்."

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். வாரம் முழுக்க அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பாடினார், நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கீழே என் துணைக்குரலில் நின்றேன். "இழுக்காதீங்க, இது நம்ம ஊர் கோயில் இல்ல" என்று அதட்டவும் செய்தேன். மகள் ஹோம்வொர்க்கிலிருந்து தலையைத் தூக்கி, "அம்மா, யூ ஸவுண்ட் ராங்" என்றாள். "ராங் இல்லடி, ஆல்ட்டோ!" ஒத்திகையில் டேவிட் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பாட்டு தொடங்கியது. சபை அமைதியாக உட்கார்ந்து கேட்டது. எங்கள் ஊரில் இந்தப் பாட்டுக்கு யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். நான்காவது பெஞ்சில் ஜெபராஜ் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றார். நின்றவர் பாடவும் ஆரம்பித்துவிட்டார், தமிழில், சமையலறைக் குரலில். தலைகள் திரும்பின. மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவருக்குக் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, எதுவும் தெரியவில்லை. நம் ஊர் இழுவையில் எங்களுக்கு அரை வரி பின்னால் வந்துகொண்டிருந்தார்.

டேவிட் என்னைப் பார்த்தார். பாடாதீங்க என்று நான் ஒரு கைச்சாடை காட்டியிருந்தால் ஜெபராஜ் நிறுத்தியிருப்பார். நான் காட்டவில்லை. அந்தத் தமிழ் என் குரலைப் பிடித்து மேலே, மெட்டுக்கு இழுத்தது. காலை ஊன்றிக்கொண்டு ஜெர்மனிலேயே பாடினேன்.

கடைசிச் சுரம் வந்தது. டேவிட் கையை இறக்கவில்லை. ஜெபராஜ் வந்து சேரட்டும் என்று எங்கள் எல்லோரையும் அப்படியே பிடித்து வைத்திருந்தார். மூச்சு முட்டியது. பெஞ்சிலிருந்து அப்பாவின் பாட்டு தன் கடைசி வார்த்தையை நோக்கி மெதுவாக வந்துகொண்டிருந்தது. அது வந்து சேரும்வரை நான் ஆல்ட்டோவிலேயே நின்றேன்.