செர்டாங்குக்கு அரை அகராதியோடு

காலை ஐந்தரை மணிக்குச் சுங்கை பட்டாணியிலிருந்து சைக்கிளில் கிளம்பினேன். செர்டாங் ஏறக்குறைய நாற்பது மைல். ஜப்பான்காரன் வந்து இரண்டாம் வருஷம் அது. டயர் கிடைக்காமல் சக்கரத்தில் கெட்டி ரப்பரைச் சுற்றியிருந்தேன். ரப்பர் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிக்கே டயர் இல்லை என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். ஊரை ஒட்டிய பாக்கார் ஆராங் தாண்டுவதற்குள்ளேயே என் இடுப்பு கழன்றுவிட்டது.

பின்னால் கட்டிய சாக்கில் மேலே மரவள்ளிக்கிழங்கு, அடியில் அரை அகராதி. ஜப்பான் சண்டைக்கு முன்னால் நானும் செர்டாங் தோட்டத்துக் கிராணி சாமிநாதனும் சேர்ந்து வாங்கிய ஆங்கில அகராதி அது. இருவருக்கும் பெரிய கிராணி ஆகும் ஆசை. புத்தகம் யாரிடம் இருப்பது என்று வழக்கு வந்தபோது, சாமிநாதன் மீன் வெட்டும் கத்தியை எடுத்து அதை நடுவில் பிளந்தார். 'ஏ' முதல் 'எல்' வரை எனக்கு, மீதி அவருக்கு. அதன்பின் வாரம் ஒரு சொல். அதே பொருள் தரும் சொற்களில் என் பாதியில் இருப்பதை நான் சீட்டில் எழுதி, போகிறவர் வருகிறவர் கையில் அனுப்புவேன். அவர் பாதியில் இருப்பது அங்கிருந்து வரும். எது எங்கே பொருந்தும் என்று சீட்டிலேயே மல்லுக்கட்டுவோம். அந்தச் சண்டைகளை நினைத்தால் இப்போதும் மனம் ஏங்குகிறது.

முந்தின நாள் வந்த சீட்டு வேறு மாதிரி. "சயாமில் ரயில்பாதை போட நாற்பது பேரைக் கொண்டுபோகிறார்கள். கணக்குப் பார்க்க என்னையும் எழுதிவிட்டார்கள். நாளை மறுநாள் விடியற்காலை லாரி. இந்த வாரச் சொல் 'ஜர்னி'. உங்கள் பாதியோடு வாருங்கள்."

எட்டரை மணிக்கு மூடா ஆறு. தோணியில் ஆளுக்கு ஐம்பது காசு, சைக்கிளுக்கு இருபது. "பெர்கி மானா?" என்று தோணிக்கார மலாய்க்காரர் கேட்டார். சயாம் போகும் நண்பரைப் பார்க்கப் போகிறேன் என்று அவர் மொழியிலேயே சொன்னேன். துடுப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார். அதுவரை சயாம் போனவர் எவரும் திரும்பியிருக்கவில்லை. அக்கரையில் சைக்கிளுக்கான காசை வாங்க மறுத்துவிட்டார்.

பதினொரு மணிக்குக் கூலிமில் ஜப்பான்காரன் காவல். இறங்கி இடுப்பு வரை குனிந்து வணங்கினேன். சிப்பாய் சாக்கைக் கிளறினான். அந்தக் காலத்தில் இங்கிலீஷ் புத்தகம் அகப்பட்டால் ஓர் அறையோடு போகாது. பெரிய கிழங்காக இரண்டை எடுத்துக்கொண்டு, போ என்று கையசைத்தான். இன்னும் மூன்று எடுத்திருந்தால் புத்தகம் தெரிந்திருக்கும்.

இரண்டரை மணிக்குச் செர்டாங். சாமிநாதன் வாசலில் நின்றிருந்தார்.

"வாங்க கிராணியாரே! சைக்கிளா, மாட்டு வண்டியா? சத்தம் அரை மைலுக்கு முன்னாடியே கேட்டுச்சுலா!"

அவர் மனைவி காமாட்சி கிழங்கும் கருவாடும் வைத்தார். சாப்பிட்டதும் இரண்டு பாதிகளையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தோம். வெட்டிய பிறகு அவை சந்தித்தது அன்றுதான்.

என் பாதியில் 'ஜர்னி': ஓரிடம் விட்டு ஓரிடம் போவது, பெரும்பாலும் நெடுந்தூரம். திரும்பி வருவது பற்றிப் பேச்சே இல்லை. அவர் பாதியில் 'வாயேஜ்': நெடுங்கடல் பயணம்.

"எங்கப்பா நாகப்பட்டினத்துலேர்ந்து கப்பல்ல வந்தாரே, அதுதான் வாயேஜ்," என்றார் சாமிநாதன்.

"அப்ப சயாம் போறது ஜர்னிதான்."

"இல்லலா. இந்தா, 'ட்ரிப்'. கொஞ்ச நாளைக்குப் போயிட்டுத் திரும்பி வர்றது. மூணு மாசம்னு சொல்லியிருக்கான். இதான் பொருத்தம்."

மற்ற நாளாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன். எல்லை தாண்டி, காட்டுக்குள், மூன்று மாதம். இது எப்படி ட்ரிப் ஆகும் என்று வாய்வரை வந்தது. காமாட்சி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமா, அதான் சரி," என்றேன்.

சாமிநாதன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் நான் ஒரு சொல்லையும் இப்படி ஒத்துக்கொண்டதில்லை. அவர் முகத்தில் பயத்தை அப்போதுதான் கண்டேன்.

"என் பாதியையும் கொண்டுபோங்க, பொழுது போகும்," என்று சமாளித்தேன்.

அவர் தம்முடைய பாதியை என் பக்கம் தள்ளினார். "அங்க ஓயாத மழையாம். நனைஞ்சிரும். நீங்க வச்சிருங்க கிராணியாரே, வந்து வாங்கிக்கிறேன்."

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு லாரி வந்தது. ஏறும்போது, "மூணே மாசம்," என்று காமாட்சியிடம் சொன்னார். ஆறு மணிக்கு நான் திரும்பினேன். அதே நாற்பது மைல், அதே சைக்கிள். சாக்கில் இப்போது முழு அகராதி. காவலில் இம்முறை யாரும் கிளறவில்லை. ஆற்றைக் கடக்கும்போது அழுதேன்.

ஜப்பான் சண்டை முடிந்தது. சயாமிலிருந்து திரும்பியவர்களைத் தேடித் தேடிக் கேட்டேன். சாமிநாதனைப் பற்றி ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் பெரிய கிராணியானேன். அகராதியின் இரண்டு பாதிகளும் என் அலமாரியில் இருக்கின்றன. புத்தகம் தைப்பவர் ஒருவர், ஒன்றாகச் சேர்த்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். ஒரு பாதி அவருடையது. வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.