ஆமத்தூர் மறியல்

மின்வெட்டைக் கண்டித்து ஆமத்தூரில் சாலை மறியல் நடக்கிறது. சிவகாசி போகும் எங்கள் பஸ் ஒரு மணி நேரமாக வெயிலில் நிற்கிறது. எரிச்சலோடு இறங்கிப் போய்ப் பார்க்கிறேன். மறியலின் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நர்ஸைப் பக்கத்திலிருப்பவர் சீண்டுகிறார்.

"உங்க வீட்டு மாடியிலதான் சோலார் இருக்கே சிஸ்டர், உங்களுக்கென்ன மறியல்?"

"அதை மாட்டுனதுலருந்து, கவர்மெண்டு கரண்ட நம்பலன்னு ஆளுங்கட்சிக்காரக என்னைய எதிர்க்கட்சிங்கிறாக. நீங்க வராதீகங்கிறீக. ஆஸ்பத்திரியில டார்ச் லைட்டுல பிரசவம் பாக்குறேனே, அதுக்கு எந்தக் கட்சி?"

அதற்குள் டீக்கடையில் விளக்கு எரிகிறது. "கரண்டு வந்துருச்சுலே!" என்று கூட்டம் வேட்டியைத் தட்டிக்கொண்டு கலைகிறது. சீண்டியவரும் போய்விடுகிறார். நர்ஸ் மட்டும் அசையவில்லை. டிரைவர் ஹாரனை அழுத்துகிறார்.

"கரண்டுதான் வந்துருச்சே, எந்திரிங்கம்மா" என்கிறேன்.

"நாளைக்கும் போகும். அப்ப நீங்க வந்து உக்காருவீகளா?"